கிணறு நிறைத்த மணிவண்டி

பூசணிக்காய் அளவில் பித்தளையில் செய்த ஒரு சல்லடைக் கூடை. பம்பின் உறிஞ்சு குழாய் முனையில் அதை மாட்டித் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். தழை, பாசி, சேறு, சில நேரம் ஒரு தவளை, எதுவும் குழாய்க்குள் போகாமல் அது காத்து நிற்கும். நாகர்கோவில் தீயணைப்பு நிலையத்தில் நான் சேர்ந்த அன்றே அந்தக் கூடையை என் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வந்த ஏமாற்றம் சொல்லி முடியாது. எரிகிற வீட்டுக்குள் பாய்ந்து போவேன், புகைக்குள்ளிருந்து ஆளைத் தோளில் தூக்கி வருவேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டு வந்தவன் நான். கிடைத்ததோ, தீ எரியும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது ஒரு குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கூடையைச் சுத்தம் செய்யும் வேலை. மற்றவர்கள் தீயைப் பார்ப்பார்கள். நான் தாமரை இலையைப் பார்ப்பேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே ராஜ்யமாக இருந்த காலம் அது. எங்கள் நிலையத்துக்குக் கட்டளை திருவனந்தபுரத்திலிருந்து வரும். பழைய வண்டிக் கொட்டகை ஒன்றுக்குச் சிவப்புச் சாயம் அடித்து நிலையமாக்கியிருந்தார்கள். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட ஒரு லாரி, அதன் பின்னால் இழுத்துச் செல்ல இரண்டு சக்கரம் வைத்த ஒரு பம்பு, சுருட்டி அடுக்கிய கித்தான் குழாய்கள், ஏணி, கயிறு, கோடாலி, லாரியின் நெற்றியில் ஒரு பெரிய மணி. அந்த மணியால்தான் ஊரார் எங்கள் லாரியை மணிவண்டி என்றார்கள். ஆட்கள் இரண்டு அணி. ஒவ்வோர் அணிக்கும் ஒரு லீடிங் பயர்மேன், ஒரு டிரைவர், நாலு பயர்மேன். பயிற்சியில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். ஒன்றும் இரண்டும் தீயின் முன்னால் நின்று பீச்சுபவர்கள். மூன்று உறிஞ்சு குழாய்க்காரன். அதுதான் நான். நாலு குழாய்ப் பாதையைக் காவல் காப்பவன்.

இத்தனைக்கும் மேலே எங்கள் ஸ்டேஷன் ஆபீசர் இருந்தார். நெய்யாற்றின்கரைப் பக்கத்து மனிதர், தாய்மொழி மலையாளம். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். யுத்தகாலத்தில் பட்டாளத்தின் தீயணைப்புப் பிரிவில் வடக்கே எங்கெங்கோ இருந்துவிட்டு வந்தவர். அவர் நடந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியிலிருந்து மேசைக்குப் போவதானாலும் ஓட்டம்தான். காக்கிக் கால்சட்டைக்குக் கீழே இரண்டு மெலிந்த கால்கள் எப்போதும் எங்கேயோ புறப்படத் தயாராக இருக்கும். பரபரப்பு வந்துவிட்டால் கைதட்டிக்கொண்டே "வேகம், வேகம்!" என்பார். நாங்கள் ஏற்கெனவே பறந்துகொண்டிருப்போம். அப்போதும் வேகம் போதாது அவருக்கு.

ஆனால் ஊரில் தீ பிடிக்க வேண்டுமே! எப்போதாவது ஒரு வைக்கோல்போர், ஒரு கொப்பரைக் களம், ஓலைக் கொட்டகை. மழைக்காலத்தில் ரோட்டில் விழுந்த மரத்தை அறுத்துப் போடுவோம். திருவிழாவில் வாணவேடிக்கை நடக்கும்போது குழாயைப் பிடித்துக்கொண்டு காவல் நிற்போம். கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்குவோம். மற்ற நாளெல்லாம் மைதானத்தில் பயிற்சி. தண்ணீர் பீச்சுவதைப் பார்க்கக் கூடும் ஆட்கள், "என்ன வே, புல்லுக்குத் தண்ணி ஊத்துதியளா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எங்களுக்கு மானம் போகும். ஆபீசர் மட்டும் கலங்கமாட்டார். "வரும். நமக்கொரு நாள் வரும்" என்பார். ஊர் பற்றி எரிய வேண்டும் என்று அவர் விரும்பவில்லை. ஆனாலும், பெரிய காரியம் ஒன்றுக்குத் தம்மை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்ற தவிப்பு அந்த மனிதரின் உடம்பு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாள் ஒரு தை மாதத்துக் காலையில் வந்தது. தக்கலைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து டெலிபோன். எடுத்த லீடிங் பயர்மேன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, டெலிபோனின் வாயைக் கையால் பொத்தி எங்களைப் பார்த்துச் சொன்னார்: "ஆனை கெணத்துல விழுந்துட்டாம். எவனோ வெளையாடுகான்." ஆபீசர் ஒரே பாய்ச்சலில் டெலிபோனைப் பிடுங்கிக் காதில் வைத்தார். அவர் முகம் விரிந்ததை நான் பார்த்தேன். இரண்டு கேள்விதான் கேட்டார். மறுகணம் நிலையத்து மணி அதிர்ந்தது.

பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி என்று மணியடித்துக்கொண்டு லாரி பறந்தது. வில்லுவண்டிகள் ஒதுங்கின. சந்தைக்குப் போன பெண்கள் கூடையோடு ஓரத்தில் நின்று வாய் பிளந்தார்கள். லாரியின் பக்கவாட்டில் தொங்கியபடி நான் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஆபீசர் முன்சீட்டில் இருந்தாரே ஒழிய உட்காரவில்லை. பாதி எழுந்து, கண்ணாடிக்கு மேலே தலையை நீட்டி, லாரியையே தள்ளிக்கொண்டு போகிறவர்போல நின்றார்.

தக்கலையைத் தாண்டி உள்ளே ஒரு தென்னந்தோப்பு. அதற்குள்ளே பழைய கிணறு ஒன்று. சிவந்து துளைவிட்ட வெட்டுக்கல் பூமியில் அகலமாகத் தோண்டி, கைப்பிடிச் சுவர் கட்டாமல் விட்டிருந்தார்கள். சுற்றிலும் செடியும் கொடியும் மூடியிருந்தன. தடி இழுக்கும் பெண்யானை ஒன்று தழையை நோக்கிக் கால் வைத்ததும் மண் சரிந்து உள்ளே போய்விட்டது. எட்டிப் பார்த்தேன். அடியில் கணுக்கால் ஆழச் சேற்றில் அது நின்றது. தும்பிக்கையை உயரத் தூக்கிச் சுவரைத் தடவும், பிடி கிடைக்காமல் பிளிறும். அந்தச் சத்தம் கிணற்றுக்குள் சுழன்று மேலே வரும்போது கூட்டம் பின்னால் சாயும். வடம் போட்டு இழுத்துப் பார்த்திருந்தார்கள், வடம்தான் அறுந்தது. தென்னந்தடிகளை உள்ளே இறக்கினால் யானை அவற்றைத் தூக்கி எறிந்தது. பாகன் விளிம்பில் குப்புறப் படுத்து, தொண்டை கட்டிப்போய், "எனக்க பொன்னு மோளே, அனங்காத நில்லு" என்று அதை அசையாமல் நிற்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

ஆபீசர் கிணற்றை ஒரு சுற்று ஓடி வந்தார். பிறகு பாகன் பக்கத்தில் அவரும் குப்புறப் படுத்தார்.

"இது நீந்துமா?"

"ஆத்துல எறங்கினா கரையேற மாட்டா, சார். மணிக்கணக்குல நீந்துவா."

ஆபீசர் தலையைத் திருப்பினார். தோப்புக்கு அப்பால் குளத்தின் கரை தெரிந்தது. எங்கள் பம்பைப் பார்த்தார், மறுபடி குளத்தைப் பார்த்தார். எழுந்து சட்டையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் எங்களிடம் ஓடி வந்தார். "பம்பைக் குளத்துக்குக் கொண்டு போங்க. கெணத்தை நெறைக்கணும். தண்ணி ஏற ஏற ஆனையும் கூட ஏறும். ஒரு பக்கத்துக் கரையை வெட்டிச் சரிவு பண்ணிக் கொடுத்தா அது நடந்து வந்துரும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் ஓர்மையில இருக்கட்டும். கால் எட்டாத ஆழம் வந்த பெறகு பம்பு நின்னா ஆனை தளர்ந்து முங்கிச் செத்துரும். தொடங்கினா நிறுத்த முடியாது."

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு ஓடினேன். அங்கே கரைமேல் ஒரு பெண் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். நாற்பது வயதிருக்கும். தலையில் சும்மாடு, காலில் காய்ந்த சேறு. அவளுக்குப் பின்னால் இன்னும் சில வயல்காரர்கள். மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல் பால் பிடிக்கிற நேரம். குளத்தில் கிடந்தது ஒரு கடைசிப் பாய்ச்சலுக்கான தண்ணீர்தான். அது போய்விட்டால் கதிரெல்லாம் பதர்.

"ஏலே, அந்தச் சாமானத்தைத் தண்ணிக்குள்ள விட்டா ஒனக்க காலைக் கொத்திப் போடுவேன், கேட்டியா" என்றாள் என்னிடம்.

ஆபீசர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொன்னார்.

"ஆனை பாவம்தான், நான் இல்லைன்னு சொல்லேல்ல. எனக்க வயலு கரிஞ்சா எனக்க பிள்ளையளுக்கு ஆனைக்காரனா வந்து சோறு போடுவான்?"

"எடுத்த தண்ணியைத் திருப்பித் தாரேன், அக்கா. இதே பம்பை வச்சு உங்க வாய்க்கால்ல விடுதேன்."

"ஆனை அதுக்குள்ள செத்துக் கெடந்தா அந்த நாத்தத் தண்ணி எனக்கு என்னத்துக்கு? சாவாதுன்னு சத்தியம் பண்ணுவீரா?"

ஆபீசர் ஓடாமல், அசையாமல் நின்றதை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். "பண்ண முடியாது. நான் இதுக்கு முன்ன ஆனையைத் தூக்கினதில்ல" என்றார்.

அதற்குள் கிணற்றங்கரையிலிருந்து பெருங்கூச்சல் எழுந்தது. பாகன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கி யானையின் கழுத்தில் போய் உட்கார்ந்துவிட்டானாம். தண்ணீர் விழும்போது யானை மிரளாதிருக்கத் தான் மேலே இருக்க வேண்டும் என்று யார் தடுத்தும் கேட்காமல் போய்விட்டானாம். செய்தி கொண்டுவந்த ஆள் சொல்லி முடித்ததும் அந்த அக்கா குளத்தையும் தன் வயலையும் மாறி மாறிப் பார்த்தாள். மண்வெட்டியைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"உள்ள ஒருத்தன் ஏறி இருக்கான். இனி எவ குறுக்க நிப்பா? எடுங்க. திருப்பித் தரல்லைன்னா நாகர்கோயிலுக்கு வந்து ஒம்ம மணியைப் பிடுங்கிட்டு வருவேன்."

பம்பு உறுமியது. தட்டையாகக் கிடந்த கித்தான் குழாய் பாம்புபோல நெளிந்து திரண்டு, தோப்பைத் தாண்டிக் கிணற்றை நோக்கி விறைத்தது. நான் மார்பளவு தண்ணீரில் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளம் வற்ற வற்றப் பாசி திரண்டு வந்து கூடையை மூடும். அதை வழித்து எறிந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் அசந்தால் பம்பு இருமத் தொடங்கும். பம்பு இருமினால் அங்கே ஒரு யானையும் ஒரு மனிதனும் தவிப்பார்கள். வாழ்க்கையில் ஒருமுறை காணக் கிடைக்கும் காட்சி கரைக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்க, நான் இங்கே பாசியோடு மல்லுக்கட்டினேன்.

எனக்குச் செய்தி கொண்டு வந்தவர் ஆபீசர். கிணற்றுக்கும் குளத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டேயிருந்தார். தென்னைகளுக்கிடையில் அந்தக் காக்கிச் சட்டை தெரிந்ததும் நான் நிமிர்வேன். "மூணு, முழங்கால் மூடிட்டு!" என்று கத்திவிட்டுத் திரும்பி ஓடுவார். "வயிறு!" கொஞ்ச நேரம் கழித்து, "தும்பிக்கையால தண்ணியை அள்ளித் தலையில ஊத்துது! குளிக்குது மூணு, குளிக்குது!" பிறகு வெகுநேரம் ஆளைக் காணவில்லை. வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "கால் எழும்பிட்டு. நீந்துது" என்று மட்டும் சொன்னார். இருவருமே பம்பைப் பார்த்தோம். டிரைவர் அதன் சூட்டைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் குளத்தங்கரைமேல் சடசடவென்று ஒரு சத்தம். வெட்டுக்கல் முனையில் உரசிய இடத்தில் குழாய் கிழிந்து, தண்ணீர் ஆளுயரம் பீச்சியது. மாற்றுக் குழாயெல்லாம் ஏற்கெனவே பாதையில் கோத்தாயிற்று. கட்டுத்துணியோடு நாலாம் எண்காரன் தோப்பின் அந்தக் கோடியில் இருந்தான். கிழிசல் வாய் அகலமாகிக்கொண்டே போனது. நான் கூடையை விட்டு நகர முடியாது. "யாராவது பிடிங்க!" என்று அலறினேன். அந்த அக்கா தலையிலிருந்த சும்மாட்டை உருவி, கிழிசலைச் சுற்றி இறுக்கி முறுக்கினாள். அப்படியும் தண்ணீர் சீறியது. அவள் யோசிக்கவே இல்லை. குதிரைமேல் ஏறுவதுபோலக் குழாயின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் தண்ணீர் தெறிக்க, சொட்டச் சொட்ட நனைந்து, "எனக்க வயலுக்கு வர வேண்டிய தண்ணி எனக்க மேலயே வந்து விழுதே!" என்று அவள் திட்டியதைக் கேட்டு அந்தப் பயத்திலும் நாங்கள் சிரித்தோம். நாலாம் எண்காரன் ஓடிவந்து கட்டுத்துணி சுற்றிய பிறகும் அவளை எழுந்திருக்கச் சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை. அந்தத் துணியை நம்ப முடியாது, அவளை நம்பலாம்.

கிணற்றின் கீழ்ப்பக்கத்தில் ஊராட்கள் கோடாலியும் கடப்பாரையுமாகச் சரிவு வெட்டிக்கொண்டிருந்தார்கள். வழுக்காதிருக்கத் தேங்காய் உரித்த தொண்டும் ஓலையும் பரப்பினார்களாம். அதையும் ஆபீசர் வாயால்தான் அறிந்தேன். கடைசியாக அவர் வந்தபோது "மூணு" என்று கூப்பிடக்கூட மூச்சில்லை. "சரிவுக்கு எட்டிட்டு. இனி ஏற வேண்டியதுதான்." சொல்லிவிட்டுத் திரும்பி இரண்டடி ஓடினார். நின்றார். என்னைப் பார்த்தார். பூட்ஸோடு, தொப்பியோடு, தபதபவென்று குளத்துக்குள் இறங்கி வந்து என் கையிலிருந்த கூடையைப் பிடித்தார்.

"நீ போ. போய்ப் பாரு."

"சார், நீங்க..."

"வெட்டுக்கல் தண்ணியைக் குடிச்சுட்டே இருக்கு. அது ஏறி முடியிறவரை இங்க ஒரு ஆள் நிக்கணும். எத்தனை நாள் நீ இப்படியே நிக்கிற! போடா, வேகம், வேகம்!"

நான் ஓடினேன். கரையில் குழாய்மேல் உட்கார்ந்திருந்த அக்கா என்னைக் கண்டதும் கத்தினாள்: "ஓடு மக்கா, எனக்கும் சேத்துப் பாரு!"

பார்த்தேன். விளிம்புக்கு ஓர் ஆள் உயரம் கீழே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நடுவில் கறுத்த பெரிய தலை, அதன்மேல் பாகன். அவன் காதோரம் குனிந்து ஏதோ சொன்னான். யானை தும்பிக்கையை நீட்டிச் சரிவைத் தட்டிப் பார்த்தது. ஒரு முன்னங்காலை வைத்தது. மண் உடைந்து, பாகனோடு பின்னால் சரிந்து தண்ணீருக்குள் போயிற்று. அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரு மூச்சுச் சத்தமில்லை. தூரத்தில் பம்பின் உறுமல் மட்டும் சீராகக் கேட்டது. அதற்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். தலை மேலே வந்தது, பாகனும் வந்தான். இந்தமுறை அது இரண்டு முன்னங்கால்களையும் மடித்து, கோயில் நடையில் மண்டியிடுவதுபோல் சரிவில் முட்டிபோட்டது. நெற்றியை மண்ணில் ஊன்றி, பின்பக்கத்தை உந்தியது. முதுகிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்ட, ஒரு மலை எழுந்திருப்பதுபோல் அது மேலே வந்து நின்றது. கால் நான்கும் நடுங்கின. தும்பிக்கையைப் பின்னால் வளைத்துப் பாகனின் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பெண்கள் குரவையிட்டார்கள். அந்நியன் ஒருவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான், நானும் அழுதேன்.

ஆபீசர் அதைப் பார்க்கவில்லை. நான் குளத்துக்குத் திரும்பி ஓடியபோது தொப்பியில் பாசி வழிய அவர் நின்றுகொண்டிருந்தார். "எப்படி ஏறிச்சு? மொதல்ல எந்தக் காலை வச்சுது? சொல்லு, சொல்லு!" நான் சொன்னேன். அக்காவும் குழாயை விட்டு எழுந்து வந்து கேட்டாள். நடுவில் சறுக்கிய இடம் வந்ததும் இருவரும் ஒரே சமயத்தில் "ஐயோ" என்றார்கள்.

பம்பைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், வெயில் தாழும்வரை அந்தத் தண்ணீரை வயலுக்கு இறைத்தோம். பூமி குடித்தது போக மிச்சமெல்லாம் வாய்க்காலில் பாய்ந்தது. அக்கா மண்வெட்டியால் மடை திருப்பித் திருப்பி விட்டாள். கலங்கலாக வந்த தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்துவிட்டு, "ஆனைச் சாணியும் சேந்து வருது. பயிருக்கு நல்லதாக்கும்" என்றாள். அந்த மாசியில் அறுவடை முடிந்ததும் தக்கலையிலிருந்து பஸ் ஏறி நிலையத்துக்கே வந்து, புத்தரிசி ஓர் ஓலைக் கடவம் நிறைய இறக்கி வைத்துவிட்டுப் போனாள். ஊரில் எவனும் அதன்பிறகு எங்களிடம் புல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் பின்னாளில் எண் ஒன்றாகவும் ஆனேன், லீடிங் பயர்மேனாகவும் ஆனேன். பெரிய தீக்கள் பார்த்தேன். இப்போது ரோட்டில் விரையும் வண்டிகள் தங்கள் தண்ணீரைத் தாங்களே சுமந்து செல்கின்றன. குளத்தில் இறங்கி நிற்க ஆள் தேவைப்படுவது அரிது. சௌகரியம்தான். ஆனால் அந்த வண்டிகள் என்னைக் கடந்து போகும்போது, பின்னால் எங்கேயோ மறைவில் நிற்கிறவன் யாராக இருக்கும் என்றுதான் என் மனம் தேடும்.

ஐம்பத்தாறில் எங்கள் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தன. ஊரெல்லாம் வெடியும் இனிப்புமாக இருந்தது. எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டதால், ஆபீசர் திருவனந்தபுரத்துக்குப் போக உத்தரவு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு அணியும் உடுப்பு மாட்டிக்கொண்டு போனோம். மாலை போட்டோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்டக்டர் மணியடித்ததும் சட்டென்று தலையை வெளியே நீட்டினார்.

"மூணு, இன்னும் ஒரு தடவை சொல்லு."

எதைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தும்பிக்கையால் சரிவைத் தட்டிப் பார்த்ததிலிருந்து தொடங்கினேன். பஸ் நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன். முன்னங்காலை வைத்தது, மண் உடைந்தது, பாகனோடு சறுக்கி உள்ளே போனது என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே ஓடினேன். பஸ் வேகம் பிடித்துவிட்டது. சறுக்கிய இடத்திலேயே கதையை விட்டுவிட எனக்கு மனமில்லை. அவர் பாதி உடம்பு வெளியே தெரியச் சாய்ந்து, காதில் கையை மடித்து வைத்துக் காத்திருந்தார். ரோட்டில் போனவர்களெல்லாம் நின்று திரும்பிப் பார்க்க, இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினேன்:

"ஏறிட்டா, சார்! ஏறிட்டா!"